அளந்த காற்று

சோச்சா ஆற்றுக்கு மேலே
ஏழாவது கொண்டை ஊசி வளைவில்
ஸ்லாவ்கா கெண்டாவின் ஆக்டேவியா
மூன்றாம் கியரிலேயே முக்கியதாம்.
மிதிக்க மிதிக்க வேகம் வரவில்லை,
புகைதான் வந்தது.
பின்னால் வந்த பால் லாரிக்காரன்
பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினானாம்.

"டர்போ போச்சு" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தாள்.
யாரோ சொல்லியிருக்கிறான்.
எல்லோருக்கும் ஒரு யாரோ இருக்கிறான்.
என் பிழைப்பில் பாதி
அவனோடு மல்லுக்கட்டுவது.
அவன் பேச்சைக் கேட்டு
ஏர் ஃபில்டரை மாற்றியிருந்தாள்,
ஏதோ ஒரு திரவத்தை டாங்கில் ஊற்றியிருந்தாள்,
வண்டியை விற்க விலையும் கேட்டிருந்தாள்.

நான் புகையிலிருந்து தொடங்கினேன்.
நீலமென்றால் எண்ணெய் எரிகிறது.
வெள்ளையென்றால் டீசல் வேகாமலே வெளியேறுகிறது.
இது கறுப்பு.
குழாயின் விளிம்பைத் தடவினேன்,
விரலில் மையாய் அப்பியது.
தீனி அதிகம், மூச்சு குறைவு.
அவ்வளவுதான் சேதி.

டர்போவின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்.
ஆடவில்லை.
இறக்கைகள் ஒன்றுகூட மூளியாகவில்லை.
"அந்த யாரோவிடம் சொல்லுங்கள்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

கணினியைச் செருகினேன்.
காற்றை அளக்கிற சென்சார்
இத்தனை உள்ளே போகிறது என்றது.
பொய்யில்லை.
அதன் வாசலைத் தாண்டிப் போனது போனதுதான்.
அந்தக் கணக்கை நம்பித்தான்
டீசலும் ஊற்றப்பட்டது.
ஆனால் இரண்டு வரி தள்ளி
அழுத்தம் காட்டிய எண்
இதோடு ஒட்டவில்லை.
இரண்டு எண்களுக்கும் நடுவில்
எங்கோ ஓர் ஓட்டை.

கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.
நிற்கிற வண்டியில் ஹோஸ் எல்லாம் உத்தமம்.
இரு முனையையும் அடைத்து
காற்றை ஏற்றினேன்,
சோப்பு நீரைத் தெளித்தேன்.
அரை பார். ஒன்றுமில்லை.
ஒரு பார் ஆனபோது
இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிவயிற்றில்
நுரை பொங்கியது,
பால் காய்வதுபோல.
காற்றை விட்டதும்
பிளவு உதட்டை மூடிக்கொண்டது.
பாரம் ஏறினால் மட்டும் திறக்கிற வாய்.

அதன் பக்கத்தில் நாலு சின்னக் குழிகள்.
பல்.

"மரநாய்" என்றேன்.
"ராத்திரி எஞ்சின் சூட்டுக்கு வந்து படுக்கும்.
ரப்பர் என்றால் அதற்கு வெற்றிலை மாதிரி."

பானட்டின் உள்மெத்தை கிழிந்திருந்தது.
கையை விட்டேன்.
முடி, கோழி இறகு,
பாதி முட்டை ஓடு ஒன்று.
ஓட்டில் பென்சிலால் எழுதிய 14.

ஸ்லாவ்கா அதை வாங்கி
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.
ஒவ்வொரு முட்டையிலும் தேதி எழுதுவது அவள் வழக்கம்.

பிறகுதான் மெல்ல வந்தது கதை.
ஆறு வாரமாகக் கூண்டில் முட்டை குறைகிறது.
எதிர்வீட்டு ருத்தாரின் மகன்தான் என்று
மாதா கோயில் வாசலில் நின்று சொல்லிவிட்டாள்.
ருத்தாரோ
கொடியில் காயும் தன் படுக்கை விரிப்பெல்லாம்
இவள் வண்டிப் புகையால் கரியாகிறது என்று
வேண்டுமென்றே செய்கிறாள் என்று
நகராட்சிக்கே எழுதிப்போட்டிருந்தார்.

நான் கிளாம்பை முறுக்கிக்கொண்டிருந்தேன்.
கூண்டுக்கு நெருக்கமான கம்பிவலை போடச் சொன்னேன்.
வேறென்ன சொல்ல.

புது ஹோஸோடு மலையேறிப் பார்த்தோம்.
ஏழாவது வளைவில் முழுதாக மிதித்தேன்.
வண்டி முதுகைப் பிடித்துத் தள்ளியது.
பின்கண்ணாடியில் சாலை இருந்தது,
வேலி இருந்தது, ஆறுகூடத் தெரிந்தது.
அவள் எதையும் பார்க்கவில்லை.
ஓடு உள்ளங்கையிலேயே இருந்தது.
ருத்தாரின் கொடியைக் கடக்கும்போது
"மெதுவாக" என்றாள்.
மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மீதிப் பணத்தோடு வந்தாள்.
கூடவே எனக்கென்று
ஆறு குழியுள்ள ஓர் அட்டை.
முட்டை நாலுதான் இருந்தன.

இரண்டு எங்கே என்று
நான் கேட்கவில்லை.