வழிமொழிந்தவர் பெயர்

ஜனவரிக் கூட்டம். வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
திரையில் பதினேழு கட்டங்கள்,
ஒன்றில் ஒரு நாற்காலி மட்டும்.
நாற்காலியைக் கணக்கில் சேர்க்கலாமா என்று
கேட்க வேண்டியவன் நான்; செயலாளர்.
கேட்பதற்குள் வால்டெமார் பென்னர்
அரிசோனா வெயிலோடு வந்து அதில் உட்கார்ந்தார்,
கையில் பாதி உரித்த ஆரஞ்சு.
கோரம் உண்டு என்று எழுதினேன்.

ஓநாய்க்கால் ஏரிக் குடில் உரிமையாளர் சங்கத்தில்
விதிப்புத்தகத்தைச் சொந்தக் காசில் வாங்கியவர்கள் இருவர்.
சோல்வெய்க் தோர்டார்சன். ஓரெஸ்ட் ஹ்னாட்டிவ்.
பதினான்கு வருடமாக
அவர் காற்புள்ளி என்றால் இவர் முற்றுப்புள்ளி என்பார்.
படகுத்துறைக்குப் பச்சையா நீலமா என்பதில்
மூன்று கோடைகள் போயின.
துறை இன்னும் வெறும் மர நிறத்தில் நிற்கிறது,
எந்தப் பக்கமும் சாயாமல்.

புதிய அலுவல் ஏதும் உண்டா என்று
தலைவர் தெல்ஃபீன் லாவலே கேட்டபோது
சோல்வெய்க்கின் மஞ்சள் கை எழுந்தது.
(திரையில் வரும் பொம்மைக் கை. சொந்தக் கை
பக்கவாதத்துக்குப் பிறகு அவ்வளவு உயர்வதில்லை.)
"துறைமுனை விளக்கு
குளிர்காலம் முழுதும் எரிய வேண்டுமென
முன்மொழிகிறேன்."

அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை.
சொல்லக் கூடாது.
யாராவது வழிமொழிந்த பிறகுதான்
முன்மொழிந்தவர் காரணத்துக்கு வாய் திறக்கலாம்.
தெரிந்தவர். காத்திருந்தார்.

குளிர்காலத்தில் அங்கே ஒருவரும் இல்லை.
குழாய்களை வடித்து, கதவை அடைத்து,
அக்டோபரிலேயே ஊர் திரும்பிவிடுகிறோம்.
மின்கட்டணம் இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் ஆகும்
என்று பொருளாளர் யாரும் கேட்காமலே சொன்னார்.
பேச்சுரிமை இல்லாமல் பேசியதற்கு
மன்னிப்பும் கேட்டார்.

"வழிமொழிபவர் உண்டா?"
பதினேழு கட்டங்களில்
ஒரு நாய் மட்டும் கொட்டாவி விட்டது.
ஒலி அணைத்த மௌனம் வேறு மாதிரி.
அசையும் உதடு சொல்லுகிறதா மெல்லுகிறதா
தெரியாது.
"வழிமொழிபவர் உண்டா?" இரண்டாம் முறை.
இனி விழுந்துவிடும். இப்படி விழுவதைத் தோல்வி என்றுகூடச்
சொல்ல முடியாது; எண்ணுவதற்கு ஒரு கைகூட இல்லை.
நான் பேனாவை எடுத்தேன்.

"வழிமொழிகிறேன்," என்றார் ஓரெஸ்ட்.

தெல்ஃபீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஆதரிக்கவில்லை," என்றார் ஓரெஸ்ட்.
"எதிர்த்துப் பேச எனக்கு ஒரு தீர்மானம் வேண்டாமா?"

சோல்வெய்க்குக்கு மூன்று நிமிடம்.
ஒன்றைக்கூட அவர் செலவழிக்கவில்லை.
படகுக் கொட்டகையில் சங்கத்துக் கேமரா இருக்கிறதல்லவா,
முதியோர் இல்லத்தின் நான்காம் மாடியில்
தூக்கம் வராத இரவுகளில் திறந்து பார்க்கிறாராம்.
"கறுப்பாக இருக்கிறது. அவ்வளவுதான்."

ஓரெஸ்ட் மூன்றையும் முழுதாக எடுத்துக்கொண்டார்.
ஆந்தைகள். நட்சத்திரங்கள். தவறான முன்னுதாரணம்.
இருநூற்றுப் பன்னிரண்டு டாலர், மறுபடியும்.
நன்றாகவே பேசினார்.
விதிப்படி ஒருமுறைகூடப் பெயர் சொல்லவில்லை;
'முன்மொழிந்த உறுப்பினர்' என்றார்,
ஒவ்வொரு தடவையும் அதற்கு முன் சற்று நின்று.

ஆதரவு ஏழு. எதிர்ப்பு ஒன்பது.
தலைவர் வாக்களிக்கவில்லை.
ஏழில் ஒருவன் நான் என்பது குறிப்பில் இல்லை.

அன்றிரவு நானும் கேமராவைத் திறந்தேன்.
கறுப்பு.
மூலையில் வெப்பநிலை வெள்ளை எண்களில்.
அதன் கீழே, பொடி எழுத்தில்,
பார்வையாளர்கள்: 3.

பிப்ரவரியில் சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசித்தேன்.
"ஒழுங்குப் பிரச்சினை," என்றார் ஓரெஸ்ட்.
"வழிமொழிந்தவர் பெயர் குறிப்பில் வரலாகாது. நீக்குக."
சரிதான். புத்தகத்தில் அப்படித்தான்.
குறிப்பைத் திருத்த வழிமொழிதல் தேவையில்லை
என்பதும் அதே புத்தகத்தில்தான்.
சோல்வெய்க்குக்குத் தெரியாததா?
ஒலியைத் திறக்க அவருக்கு நேரம் பிடித்தது;
கைதவறி இரண்டு முறை முகத்தை அணைத்தார்.
யாரும் அவசரப்படுத்தவில்லை.

"வழிமொழிகிறேன்."

பெயரை நீக்கினேன்.