இரண்டு ஈரமானிகள்

மூன்று வாரம் என்று சொல்லித்தான்
ஆன்ஸ்கர் ரோட்டர்டாம் போனான்.
ஐந்தாவது மாதம் நடக்கிறது.
அவன் அறையில் கண்ணாடிப் பெட்டி,
பெட்டிக்குள் கிஸேலா,
ஒரு மீட்டர் இருபது, மலைப்பாம்பு,
பயந்தால் பந்தாய்ச் சுருளும் சாதி.
குளிர்பெட்டிக் கதவில் அவன் ஒட்டிய தாள்:
வெயில் பக்கம் முப்பத்திரண்டு.
ஈரம் அறுபதுக்குக் கீழே போகக்கூடாது.
எலி உறைபெட்டியில், பட்டாணிக்குப் பின்னால்.

படையும் நடுங்கும் என்பார்கள்.
இந்த வீட்டில் நடுங்குவது
ஈரமானியின் முள் மட்டும்.

டிசம்பரில் ஹீட்டரைத் திருகினேன்.
வெளியே வூப்பர் ஆற்றுக்கு மேலே
தொங்குரயில் மழைக்குள் போய் மழைக்குள் வருகிறது.
பார்மன் முழுக்க ஊறிக் கிடக்கிறது.
உள்ளே முப்பத்தைந்து.
என் உதடு வெடித்தது, வாசலின் பூசினேன்.
கிஸேலாவின் கண்ணில் பால் கட்டியது,
தெளிந்தது,
பிறகு சட்டை கழன்றது,
துண்டு துண்டாய்,
போஸ்டர் சுரண்டிய சுவர் மாதிரி.
இடது கண்மேல் மட்டும்
பழைய கண் ஒட்டிக்கொண்டு நின்றது.

பிடுங்க வேண்டாம், என்றார் மிருக வைத்தியர்.
பிடுங்கினால் உள்ளே இருப்பதும் வரும்.
ஈரம் கொடுங்கள். அடுத்த சட்டையோடு போகும்.

எனக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்.
எட்டு மணி நேரம்
விரிப்புகளிலிருந்து தண்ணீரை விரட்டுவேன்.
வீட்டுக்கு வந்து
அதையே ஒரு பெட்டிக்குள் வரச்சொல்லிக் கெஞ்சுகிறேன்.

தெளித்தேன். எண்பதுக்கு ஏறியது,
தேநீர் ஆறுவதற்குள் நாற்பது.
தும்புக்கட்டி வாங்கினேன், செங்கல் அளவு.
அட்டையில் குருநாகல் என்றிருந்தது.
முகர்ந்து பார்க்கவில்லை.
சரி, ஒருமுறை.
அட்டை வாசம்தான் அடித்தது.
நான்கு மூலையிலும் தண்ணீர் ஊற்றினேன்,
மேலே காய்ந்து அடியில் நனைந்திருக்கும்படி.
வலைக்கூரையில் முக்கால் பங்கை
அலுமினியத் தாளால் மூடினேன்.
முழுதும் மூடினால் வயிற்றுச் செதில் அழுகும்,
மூச்சு அடைக்கும்.
தயிர் டப்பாவில் வாசல் வெட்டி
ஈரப் பாசி அடைத்து வைத்தேன்.
நாலு நாள் அதைச் சட்டைசெய்யவில்லை அவள்.
ஐந்தாம் நாள் வாலும் உள்ளே.

எழுபது.
அசையாமல் நின்றது.

என் படுக்கையறை மூலையில் கறுப்புப் பூஞ்சணம்.
அக்டோபரில் எழுதிய கடிதத்துக்கு
ஜனவரியில் வந்தார் வீட்டு நிர்வாகத்தின் ப்ரிங்க்மான்,
கையில் அவருடைய ஈரமானி.
சுவரைத் தொட்டார். கட்டிலை நகர்த்தினார்.
சோறு நிறையச் சமைப்பீர்களோ, என்றார்.
அடுத்த அறைக் கதவைத் திறந்தார்.

இதற்குள் எவ்வளவு?
எழுபது.
வீட்டில் ஐம்பதுக்குக் கீழே இருக்க வேண்டும்.
அவளுக்கு அறுபதுக்கு மேலே.

முழங்கால் சொடுக்க அவர் குந்தினார்.
தன் கருவியைக் கண்ணாடிக்கு வெளியே பிடித்தார்:
நாற்பத்துநான்கு.
இரண்டு எண்களுக்கு நடுவே
நாலு மில்லிமீட்டர் கண்ணாடி.
கிஸேலா டப்பா வாசலில் தலை வைத்து
ஒன்றரைக் கண்ணால் பார்த்தாள்.
கசியவில்லைதான், என்றார் ப்ரிங்க்மான்,
பணத்தைத் திருப்பிக் கொடுப்பவர் குரலில்.

கடிதம் வந்தது:
நாளுக்கு மூன்று முறை, பத்து நிமிடம்,
ஜன்னல்களை அகலத் திறந்து வைக்கவும்.
கூரைப் பீலி ஓட்டை பற்றி ஒரு வரி இல்லை.

பெப்ரவரி, செவ்வாய், இரவு வேலை முடிந்து வருகிறேன்.
பாசிக்கு வெளியே கிடக்கிறது,
அவசரத்தில் கழற்றிய காலுறை போல
உள்பக்கம் வெளியாய்,
உதட்டிலிருந்து வால்நுனிவரை ஒரே சட்டை.
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
வலது கண்ணுக்கு ஒரு வில்லை.
இடதில் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று.

ஆன்ஸ்கருக்குப் படம் அனுப்ப எடுத்தேன்,
அனுப்பவில்லை.

காலை ஏழு.
கடிதத்தின்படி ஜன்னல்களைத் திறக்கிறேன்.
பனி நேரே உள்ளே நடந்து வருகிறது.
சலவைக்கூடத் துவாலை இரண்டை நனைத்துப் பிழிந்து
பெட்டியைச் சுற்றி மூடிவிட்டு
கோட்டோடு தரையில் உட்காருகிறேன்.
மேலே ஒரு ரயில், எதிரே ஒரு ரயில்.
துவாலை ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறேன்:
அறுபத்தெட்டு.
இன்னும் ஆறு நிமிடம்.