நான்காம் தட்டுக்காரி

கம்பெனி கையேட்டில் அச்சடித்திருக்கிறது:
நள்ளிரவு, மர்மம், பட்டு.
டர்பனில் இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று
பதினொரு வருஷமாகக் கால் வீங்கியவள் சொல்கிறேன்,
அதில் பட்டு கிடையாது.

முதலில் சம்பங்கி.
குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது,
வெண்ணெய் தடவியதுபோல் தடித்த இதழ்.
அதன் முதுகை ஒட்டியே கார்டீனியா,
ஓரம் பழுப்பேறி, கொஞ்சம் காளான் வாடையோடு.
நல்ல குடும்பத்துப் பூக்கள்தான் என்று
மணிக்கட்டை நீட்டியவர்கள் நம்பிவிடுவார்கள்.
பத்து நிமிஷம்.
பிறகு பக்கத்து அறையில் யாரோ
தீக்குச்சி கிழிப்பார்கள்.

எரிகிற வீட்டிலிருந்து
கொண்டை கலையாமல் இறங்கி வந்து
"மணி என்ன ஆச்சு?" என்று கேட்கிறவள்.
அவ்வளவுதான் அவள் குணம்.

வனிலா விற்கும். எலுமிச்சை விற்கும்.
குழந்தைப் பவுடர் மாதிரி ஒன்று
மாதக் கடைசியில்கூட விற்கும்.
இவளைத் திருப்பிக் கொண்டுவருவார்கள்.
ஃபீனிக்ஸ்காரி ஒருத்தி ரசீதை மேசையில் வைத்தாள்:
"யார் வீட்டு நெருப்பை அணைத்துவிட்டு வருகிறாய்
என்று கேட்கிறார் என் புருஷன்."
சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.
பணத்தைக் கொடுத்தேன்.
குப்பியில் முக்கால் மீதி.
விதிப்படி கொட்டிவிட வேண்டும்.
கொட்டவில்லை.

ஒருத்தி மட்டும் தவறாமல் வருவாள்,
தனசாக்ரி மூட்லி,
வெருலத்தில் துணைத் தலைமையாசிரியை.
மூன்று மாதத்துக்கு ஒன்று. தள்ளுபடி கேட்கமாட்டாள்.
ஒரு மத்தியானம் கார் நிறுத்தும் மூன்றாம் தளத்தில்
தூணுக்குப் பின்னால் அவளைப் பார்த்தேன், சிகரெட்டோடு.
பதறவில்லை.
"விட்டுவிட்டேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள்.
புகையை எங்கே ஒளிப்பது, நீயே சொல்லு?
புகைக்குள்தான்."
எனக்கும் ஒன்று நீட்டினாள்.
எனக்குப் பழக்கமில்லை.
பற்ற வைக்காமல் பிடித்துக்கொண்டு
அவள் முடிக்கிறவரை நின்றேன்.

நான் டோங்காட்.
ஜூலையில் கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைப்பார்கள்.
கரித்துகள் மிதந்து வந்து
கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் உட்காரும்.
துடைத்தால் கோடு விழும். தட்டினாலும் விழும்.
இன்றும் யார் கையில் அடித்தாலும் அதையே சொல்கிறேன்:
தேய்க்காதீர்கள், அம்மா.
தானாகக் காயட்டும்.

ஸ்டோரில் என்னோடு வேலை பார்க்கிற பூபாலனின் அப்பா
போன வியாழன் தவறிப்போனார்.
கிளேர் எஸ்டேட் தகனச்சாலைக்கு
அந்த முக்கால் குப்பியிலிருந்து
காதுக்குப் பின்னால் இரண்டு துளி
வைத்துக்கொண்டு போனேன். ஏன் என்று தெரியாது.
கிழவர் நெஞ்சில் சம்பங்கி மாலை, ஆள் கனத்துக்கு.
கற்பூரம். ஊதுபத்திக் கட்டு, பிரிக்காமல் அப்படியே.
நான் எதைப் பூசியிருந்தேனோ
அது அங்கே இல்லாமலே போனது.
தோளில் முகம் புதைத்து அழுத பூபாலன்,
பாட்டிலைப் பார்க்காமலே பெயர் சொல்கிற பூபாலன்,
மூக்கை உறிஞ்சினான். ஒன்றும் சொல்லவில்லை.
இரும்புக் கதவு இறங்கியது.

மழையில் மினிபஸ் டாக்சி.
பதினைந்து பேர், எல்லா ஜன்னலும் மூடியிருக்கிறது.
உம்கேனி பாலம் தாண்டியதும்
அவள் மெல்ல வெளியே வந்தாள்.
முன்சீட்டுப் பெண் காதிலிருந்து வயரை எடுத்துவிட்டுத்
திரும்பினாள்:
"ஆன்ட்டி, யாருக்குக் கல்யாணம்?"
அதே நேரம் பின்னாலிருந்து ஒரு கிழவன்
கூரையைத் தட்டினான்:
"டிரைவர், நிறுத்து! எங்கேயோ எரியுது!"

ஓரங்கட்டினான்.
மழையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
டார்ச் அடித்து அடித்துத் தேடினான்.
மீதிச் சில்லறை என் உள்ளங்கையில்
சூடாகிக்கொண்டிருந்தது.
நான் வாயைத் திறக்கவில்லை.