பதினொன்று ஐம்பத்தொன்று

சுங்கத்தில் இருபது நாள் கிடந்து
வந்து சேர்ந்தது.
கூட வந்த காகிதத்தில்
துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரர்,
பனியில் மண்டியிட்டு.
கூப்பிடு, வரும், சுடு
என்பதுதான் மொத்தக் குறிப்பும்.
எங்களுக்கு முதல் சொல் போதும்.
வரவே வேண்டாம்,
இருந்த இடத்திலிருந்து பதில் சொன்னால்
எண்ணிக்கொள்வோம்.

ஒரு சாண் கொம்பு. அதன் வாயில்
மைலார் தகடு ஒன்றை
ரப்பர் வளையம் பிடித்து வைத்திருக்கிறது.
நாயனக்காரர் பார்த்தால் சீவாளி என்பார்.
அமெரிக்கக் கயோட்டிக்கு அளந்த குரல்
பள்ளிக்கரணை நரிக்குத் தொளதொள.
முதல் நாள் ஊதினேன்:
வாத்து.
மறுநாள், ரிவர்ஸ் எடுக்கும் தண்ணி லாரி.

தகட்டை உள்ளே தள்ளினால் குரல் மெலியும்,
வெளியே இழுத்தால் தடிக்கும்.
அரை மில்லிமீட்டர்
எவ்வளவு பெரிய தூரம் என்று
அந்த வாரம்தான் தெரிந்தது.
உதட்டை நுனிக்குக் கொண்டுபோனால் கீச்சு,
பின்னுக்கு நகர்த்தினால் கனம்.
கொம்பின் வாயை உள்ளங்கையால் மூடித் திறந்தால்
ஊளை கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும்.
எச்சில் ஏறினால் ஒன்றும் வராது.
துப்பட்டாவில் துடைத்து, மறுபடி.
சரியான இடம் சிக்கியதும்
வளையம் நின்ற இடத்தில்
சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு.

குளியலறையில் எதிரொலி நன்றாக இருந்தது.
கீழ் வீட்டு கோதண்டராமன் ஏறி வந்தார்.
"நரி முகத்துல முழிச்சா யோகம்னுவாங்க.
கொரல்ல முழிச்சா என்னம்மா?"
நான் யோசித்து முடிப்பதற்குள்
இறங்கிப் போய்விட்டார்.

மார்ச், மூன்றாவது சனிக்கிழமை.
ரேடியல் ரோடு பாலத்துக்குக் கீழே நான்,
ஒக்கியம் மடுவில் மெர்லின்.
காற்று திரும்பும்போதெல்லாம் குப்பை மேடு.
ஐ.டி. கட்டிடங்களின் வெளிச்சம்
கோரைப்புல்லுக்கு நடுவே தண்ணீரில் நடுங்க,
மூன்று தரம் ஊது,
இரண்டு நிமிடம் கேள்,
படிவத்தில் எழுது:
நேரம், திசை, எத்தனை.

முதல் ஊளைக்கு நாய்கள்.
பெருங்குடி தொடங்க
துரைப்பாக்கம் வாங்கிக்கொண்டது.
படிவத்தில் நாய்க்குக் கட்டம் இல்லை.
காவலாளி ஒருவர் டார்ச் அடித்தபடி வந்து
விஷயத்தைக் கேட்டுக்கொண்டு சொன்னார்:
"நரியா அது? ஆறு வருஷமா நான்
பக்கத்துக் குடிசையில கொழந்தை அழுவுதுன்னு இருந்தேன்."
அதற்கும் கட்டம் இல்லை.

என்ன சொல்கிறேன் என்று தெரியாமல்தான் ஊதுகிறேன்.
இது என் இடம் என்கிறேனோ,
யாராவது இருக்கிறீர்களா என்கிறேனோ.
ஒரு மொழியில் ஒரே ஒரு வாக்கியம்,
அதற்கும் அர்த்தம் தெரியாது,
உச்சரிப்பு மட்டும் சுத்தம்.

11.44. தென்கிழக்கு. ஒன்று.
கை நடுங்க எழுதினேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு
டீக்கடை பெஞ்சில் இரண்டு படிவங்களையும் விரித்தோம்.
அவளுடையதில்
11.42. வடமேற்கு. ஒன்று.
வடமேற்கில் இருந்தது நான்.
தென்கிழக்கில் இருந்தது அவள்.
வரைபடத்தில் ஸ்கேல் வைத்தபோது
இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்தது.
டீ மாஸ்டர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.
"நல்லாத்தான் ஊதறே" என்றாள்,
இரண்டையும் அடித்தாள்.

பிறகு, 11.51.
அந்நேரம் என் கொம்பு பையில்.
அவள் தகட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாளாம்.
என் கோடு வடகிழக்காகப் போயிற்று,
அவளுடையது வடமேற்காக.
இரண்டும் வெட்டிக்கொண்ட இடம்
குப்பை மேட்டின் பின்சரிவு.

ஒன்று, என்று நான் எழுதியிருந்தேன்.
குறைந்தது இரண்டு, என்று அவள்.
பின்னால் ஒரு மெல்லிசான குரல் சேர்ந்துகொண்டது,
உனக்குக் கேட்கலையா என்றாள்.
கேட்கவில்லை.
லாரி போயிருக்கும் என்றேன்.
லாரி ஏதும் போகலை என்றாள்.

இன்னும் தீரவில்லை.
அடுத்த சனிக்கிழமைக்கு
வளையத்தைக் கோட்டிலிருந்து
ஒரு மயிரிழை
உள்ளே தள்ளி வைத்திருக்கிறேன்.