ஆழி

பிரெஸ்ட் துறைமுகம், பழைய மீன் ஏலக்கூடத்தில் கண்காட்சி.
கோட்டு வாங்கி எண் வில்லை கொடுப்பது என் வேலை.
எல்லாம் ஈரக் கோட்டுகள். இங்கே எந்நாளும் மழை.

போன மார்ச்சில் சோவாசிக்
ஆளுக்கொரு தெர்மோகோல் கோப்பை நீட்டினாள்:
கடலடிக்கு ஏதாவது எழுது,
கப்பல் கம்பியில் கட்டி இறக்கப்போகிறேன்,
நாலாயிரம் மீட்டர்.

இயக்குநர் நெடுநேரம் யோசித்தார்.
காவலாளி மகள் பெயரை எழுதினான்.
எனக்கு அன்று கடைவாய்ப் பல்வலி.
"அங்கே வலிக்குமா?"
தமிழில்தானே, யார் படிக்கப்போகிறார்கள்.

இன்று கண்ணாடிப் பேழைக்குள்
அத்தனை கோப்பையும் தையற்காரர் விரலுறை அளவு.
ஒன்றும் உடையவில்லை.
உள்ளிருந்த காற்றை மட்டும்
கடல் வாங்கிக்கொண்டிருக்கிறது.
என் எழுத்துகள் எறும்பாய் நெருங்கி
முன்னைவிடக் கறுத்திருந்தன.
கேள்விக்குறிதான் கொஞ்சம் கோணல்.

மூடும் நேரம் பேழையைத் திறந்து
உன்னுடையதுதானே என்று தந்தாள்.
காதில் வைத்தேன்.
ஒன்றுமில்லை.
மோதிர விரலில் மாட்டினேன்.
சரியாக இருந்தது.

கடலுக்கும் மோதிரத்துக்கும்
என் மொழியில் ஒரே சொல்
என்று சொல்ல வாயெடுத்தேன்.

நாற்பத்தேழாம் எண்காரர்
கோட்டுக்கு நிற்கிறார்.
கழற்றாமலே எடுத்துக் கொடுத்தேன்.