எந்தப் பக்கத்தில்

சாம்பல் நிறம் விற்காது என்றார் விற்பனைக்காரர்.
திபிலீசியில் மார்ச் முழுக்கச் சாம்பல்தான்,
அதைக் காசு கொடுத்து வேறு வாங்குவார்களா?

ஜும்பெர் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று:
ஆளில்லாத ஒரு கேபிள் கார்,
மாங்கனீசு மலைமேல், பனிமூட்டத்தில்.
பதினோரு வருடம் எழுதிய நாவல்.
சுரங்க ஊரில் பெட்டியை இயக்குகிறவன்
ஒருநாள் யாரையும் ஏற்றாமல் அதை மேலே அனுப்புகிறான்.
அவ்வளவுதான் கதை என்பார்.
அவ்வளவுதான் இல்லை.

பெட்டியை வரைந்தேன். மூட்டத்தை வரைந்தேன்.
பிறகு சன்னலில்
சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண்ணை வைத்தேன்,
முதுகு மட்டும்.
பெருவிரல் அளவு சிவப்பு.
நூறு அடி தள்ளித் தெரியும்.

அச்சாகி வந்த முதல் பிரதியை
என் மேசையில் குப்புற வைத்துவிட்டுப் போனார் ஜும்பெர்.
சண்டை போட்டிருக்கலாம்.
பின்னட்டையின் விலை
மூன்று நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அறுநூறு பிரதி, நாற்பது நாளில் தீர்ந்தது.
அவருடைய முந்தைய மூன்று நூல்கள்
பதிப்பகத்தின் மாடிப்படிக்கு அடியில்
இன்னும் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன.
விற்பனைக்காரர் எனக்கு ஒரு புட்டி வைன் அனுப்பினார்,
அவருக்கும் ஒன்று.
அவருடையது திரும்பி வந்தது.

அப்புறம் லாமாராவின் கடிதம்.
மெட்ரோவில், நகரும் படிக்கட்டு முடியும் இடத்தில்
கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பவர்.
யாராவது விழுந்தால் நிறுத்த வேண்டும்.
யாரும் விழாத நேரத்தில்
இறங்குகிறவர்கள் மார்போடு அணைத்த புத்தகங்களைப் பார்ப்பாராம்.

'எழுத்து என் கண்ணுக்கு எட்டாது. நிறம் எட்டும்.
அந்தச் சிவப்பு ஒரே வாரத்தில்
ஐந்து முறை என்னை நோக்கி இறங்கி வந்தது.
ஆறாம் முறை பொறுக்கவில்லை,
கூண்டைவிட்டு எழுந்து போய்ப் பெயர் கேட்டேன்.
சம்பளத்தன்று வாங்கினேன்.
இரண்டு தடவை படித்துவிட்டேன், ஐயா. அழுதேன்.
ஆனால் அந்தக் கோட்டுக்காரி எந்தப் பக்கத்தில் வருகிறாள்?
என் பிரதியில் தாள் ஏதும் விட்டுப்போயிற்றா?'

ஜும்பெர் அதை என்னிடம் நீட்டினார்.
'உனக்குத்தான் வந்திருக்கிறது.'
உறைமேல் அவர் பெயர்தான் இருந்தது.

என்ன பதில் எழுத?
நாற்பத்தோராம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன் என்றா?
வெள்ளிக்கிழமை கெடு என்றா?
அன்று சாயங்காலம் எதிர்வீட்டு பால்கனிக் கொடியில்
யாரோ துவைத்துப் போட்ட கோட்டு
சொட்டிக்கொண்டிருந்தது என்றா?
வானம், சுவர், புறா எல்லாம் ஒரே நிறம்.
அது மட்டும் இல்லை.
எடுத்துக்கொண்டேன், கொடியிலிருந்து திருடுகிறவளைப் போல.

அன்றிரவு மீதி இருநூற்றுச் சொச்சம் பக்கத்தையும் படித்தேன்.
வெறும் பெட்டி மேலேறும் இடத்தில் மூடினேன்.
அட்டையில் அவள்.
வெட்கமாக இருந்தது.
அவளை இறக்கிவிடவும் மனம் வரவில்லை.

இலையுதிர் காலத்தில் இரண்டாம் பதிப்பு.
இந்த முறை ஜும்பெர் சொன்னதுதான்:
பெட்டி, மூட்டம், வேறொன்றும் கூடாது.
நானே வரைந்தேன், ஒழுங்காக.
மெய்ப்புப் பார்க்கையில்தான் கண்டேன்,
நூற்று எழுபத்திரண்டாம் பக்கத்தில்
முன்பு இல்லாத இரண்டு வாக்கியம்:
நவம்பரில் ஒருநாள் சிவப்புக் கோட்டு ஒன்று மேலே போயிற்று.
இறங்கி வந்த பெட்டியில் அது இல்லை, அவனும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அந்த வெறும் பெட்டி
வெறுமனே ஏறவில்லை.

போனில் கூப்பிட்டேன். என்ன இது?
'அச்சுப்பிழை' என்றார். வைத்துவிட்டார்.

வெளியே இருந்தபோது உள்ளே இல்லை.
உள்ளே வந்தபோது வெளியே இல்லை.
இரண்டும் சேர்ந்த பிரதி ஒன்றுகூட அச்சாகவில்லை.

லாமாராவுக்கு அந்த ஒற்றைத் தாளை மட்டும் அனுப்பினேன்.
பதில் வரவில்லை.
நேற்று நகரும் படிக்கட்டில் இறங்கும்போது
புதிய பதிப்பை மார்போடு அணைத்துக்கொண்டேன்,
அட்டை வெளியே தெரியும்படி.
கூண்டுக்குள் ஒரு தலை நிமிர்ந்தது.
சாம்பல்தானே.
மறுபடி கால்களைக் கவனிக்கத் திரும்பிவிட்டது.