எட்டு விநாடிப் பெட்டி

வின்னிபெக் விமான நிலையம், விடிகாலை நாலரை.
வெளியே சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
உள்ளே, என் திரையில்,
ஊர்ந்து வருகின்றன யார் யாரோ பெட்டிகள்.
ஆரஞ்சு என்றால் சோப்பு, ரொட்டி, புத்தகம்.
நீலம் என்றால் இரும்பு.
ஒரு பெட்டிக்கு எட்டு விநாடி.
கத்தி இருந்தால் அது என் கண்ணைத் தேடி வரும்.
இல்லாவிட்டால்
அந்தப் பெட்டியில் எதுவுமே இல்லை.

சேர்ந்த புதிதில் இப்படி இல்லை.
பல்செட்டு, ஒற்றைச் சலங்கை,
காலுறைக்குள் சுருட்டிய முட்டைக் கோப்பை
எல்லாம் கண்டேன்.
சோதிக்கவென்று அவர்கள் நுழைத்த
பொய்த் துப்பாக்கியைத்தான் காணவில்லை.
ரொவீனா சிரித்தாள்: "ரசிக்க வந்தாயா?"

ஆரபி ஒரு மாதப் பிள்ளையாய் இருந்தபோது
என் முகத்தில் பார்த்தது
நெற்றியும் முடியும் சேரும் கோட்டை மட்டும்.
அங்கிருந்து இறங்கி
என் கண்ணுக்கு வந்து சேர
அவளுக்கு இன்னுமொரு மாதம் பிடித்தது.

போன சனி, பல்கலைக்கழகத்தில்
எங்கள் இருவருக்கும் ஒரே பரிசோதனை.
அறுபது மீன்களுக்குள்
வாய் திறந்த மீன் எது?
நான் ஒரு விநாடி.
அவள் பதினொன்று, விரலால் தடவித் தடவி.
பிறகு அந்த மாணவன் கேட்டான்:
மீன்களுக்குப் பின்னால் என்ன இருந்தது?
தண்ணீர், என்றேன்.
"ஏணி," என்றாள். "ஏணியில பூனை.
பூனைக்கு ஒரு காது இல்ல."
திரும்பப் போட்டுக் காட்டினான்.
ஏணி இருந்தது. காது இல்லை.

வயது ஏற ஏற வேகம் கூடும்,
இருபதுக்குள் உங்களைப் பிடித்துவிடுவாள் என்றான்,
ஆறுதல் சொல்வதுபோல.

இன்று எனக்கு விடுப்பு.
பள்ளி பஸ்ஸுக்கு ஏழு நிமிடம்.
சிவப்புக் கையுறையை எடுத்து வா என்று அனுப்பினேன்.
சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால்
அந்தக் கையுறையின் மேலேயே
முழங்கால் ஊன்றிக் குனிந்திருக்கிறாள்.
"அம்மா, இஞ்ச ஒரு பூச்சி செத்துக் கிடக்கு.
ஆறு காலும் மேல. ஒண்டு மட்டும் மடிஞ்சிருக்கு."

கையுறையைக் கண்ட அதே கணம்
என் பார்வை வாசலுக்குத் திரும்பிவிட்டது.
வலிந்து இழுத்து வந்து,
குளிர்ந்த தரையில் கன்னம் பட,
எண்ணினேன்.

ஐந்து.

மறுபடி எண்ணினேன்.
பஸ் ஹோர்ன் அடித்தது.